எக்ஸ்பெரிமெண்டல் விமானம் புதிய விமானிக்குக் கட்டுப்படியாகுமா? அமெரிக்க விதிகளும் உண்மைச் செலவும்

2025 ஜூலையில் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ சிறு விமானங்களுக்கும் அவற்றை ஓட்டுவோருக்குமான ‘மொசைக்’ என்ற புதிய விதித்தொகுப்பை வெளியிட்டது. அதன்பிறகு, உரிமம் வாங்கிய கையோடு சொந்த விமானம் தேடுவோரிடையே இரண்டு எண்ணங்கள் பரவியிருக்கின்றன. சிறு விமானங்கள் இனி மலிவாகிவிடும் என்பது ஒன்று. எக்ஸ்பெரிமெண்டல் விமானம் என்றாலே செலவு பாதிதான் என்பது மற்றொன்று. முதல் எண்ணம் விதியைத் தவறாகப் படித்ததால் வந்தது. இரண்டாவதில் உண்மை உண்டு, ஆனால் அது எல்லா உரிமையாளருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தும், எந்த நிபந்தனையில் பொருந்தும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எக்ஸ்பெரிமெண்டல் என்பது எந்த வகை?

செஸ்னா 172 போன்ற தொழிற்சாலை விமானத்துக்கு ‘வகைச் சான்று’ உண்டு. வடிவமைப்பும் ஒவ்வொரு பாகமும் எஃப்ஏஏ ஒப்புதல் பெற்றவை. எக்ஸ்பெரிமெண்டல் விமானத்துக்கு அந்தச் சான்று கிடையாது. சிறு விமானம் தேடுபவர் இதில் சந்திக்கப்போவது பெரும்பாலும் இரண்டு பிரிவுகளைத்தான்.

1. தனிநபர் கட்டிய விமானம். கட்டுமானப் பணியின் பெரும்பகுதியைத் தொழில்முறை சாராதவர்கள், கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும். பேச்சுவழக்கில் இது ‘51 சதவீத விதி’. வேன்ஸ் ஆர்வி வரிசை, சோனெக்ஸ், ஸெனித், கிட்ஃபாக்ஸ் எல்லாம் பெரும்பாலும் இந்தப் பிரிவில் பதிவானவை.

2. எக்ஸ்பெரிமெண்டல் லைட் ஸ்போர்ட். லைட் ஸ்போர்ட் என்பது எளிய, சிறிய விமானங்களுக்கான பிரிவு. தயாரிப்பாளரின் லைட் ஸ்போர்ட் மாதிரியை அப்படியே பின்பற்றி, ‘கிட்’ எனப்படும் பாகத் தொகுப்பிலிருந்து கட்டியவை, அல்லது முன்பு வேறு லைட் ஸ்போர்ட் பிரிவில் இருந்து இதற்கு மாறியவை. ஆர்வி-12 இந்த இரண்டு பிரிவிலும் கிடைக்கிறது. வாங்கும் விமானம் எதில் பதிவானது என்பதைக் காகிதத்தில் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

இரண்டையும் வாடகைக்கு விட்டோ பயணிகளிடம் கட்டணம் வாங்கியோ சம்பாதிக்க முடியாது. ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாக ‘இயக்க வரம்புகள்’ என்ற ஆவணம் எஃப்ஏஏ தரப்பிலிருந்து வழங்கப்படும். பறக்கும்போது அது விமானத்தில் இருந்தாக வேண்டும். விற்பவரிடம் அது இல்லையென்றால், மாற்றுப் பிரதி வரும்வரை பணம் கொடுக்க வேண்டாம்.

மொசைக் மாற்றியதும் மாற்றாததும்

ஸ்போர்ட் பைலட் என்ற தொடக்கநிலை விமானி உரிமம் வைத்திருப்பவர் முன்பு 1,320 பவுண்டு எடை, இரண்டு இருக்கை, 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) வேகம் ஆகிய வரம்புகளுக்குள் இருக்கும் விமானங்களை மட்டுமே ஓட்டலாம். 2025 அக்டோபர் 22 முதல் அந்த எடைக் கணக்கு போய்விட்டது. இறக்கையின் பின்விளிம்பு மடலான ஃப்ளாப்பை இறக்காத நிலையில் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம், 59 நாட்டுக்குள் இருந்தால் போதும். விமானத்தில் நான்கு இருக்கை இருக்கலாம். உடன் ஒருவரை மட்டுமே ஏற்றலாம். மருத்துவச் சான்றுக்குப் பதில் ஓட்டுநர் உரிமம் போதும் என்ற சலுகை பகல் பறத்தலுக்குத் தொடர்கிறது. விமானங்களின் சான்றளிப்பு தொடர்பான பகுதிக்குக் குறிக்கப்பட்ட நடைமுறைத் தேதி 2026 ஜூலை.

இதனால் புதிய விமானி ஓட்டக்கூடிய பழைய விமானங்களின் பட்டியல் நீண்டிருக்கிறது. விலைக் குறைப்புக்கான விதி எதுவும் இதில் இல்லை. பல ஆர்வி மாதிரிகள் இப்போது ஸ்போர்ட் பைலட்டுக்கும் எட்டுகின்றன என்றால், அதே விமானத்துக்கு முன்பைவிட அதிகம் பேர் போட்டியிடுவார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பணம் மிச்சமாகும் இடம்: பராமரிப்பு

வகைச் சான்று பெற்ற விமானத்தில் உரிமையாளர் தன் கையால் செய்யக்கூடியது ஆயில் மாற்றுதல், டயர் மாற்றுதல், ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்தல் போன்ற சிறு பட்டியல்தான். மற்றதெல்லாம் ‘ஏ அண்ட் பி’ எனப்படும், விமான உடலுக்கும் எஞ்சினுக்குமான உரிமம் பெற்ற மெக்கானிக் வேலை. ஆண்டு ஆய்வுக்கு அதற்கும் மேல் தனி ஆய்வு அதிகாரம் பெற்றவர் வேண்டும். பாகங்களும் ஒப்புதல் பெற்றவையாக இருக்க வேண்டும்.

தனிநபர் கட்டிய விமானத்தில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. பிரேக், ஆல்டர்னேட்டர், மின் வயரிங், கருவிப் பலகை என எதையும் யார் வேண்டுமானாலும் பழுது பார்க்கலாம். பாகம் தரமானதா என்று முடிவு செய்யும் பொறுப்பு உரிமையாளருடையது. சட்டம் உரிமம் கேட்கும் இடம், 12 மாதத்துக்கு ஒருமுறை வரும் ‘கண்டிஷன் இன்ஸ்பெக்‌ஷன்’. இதைச் செய்து லாக்புக்கில் கையெழுத்திடக்கூடியவர்கள்:

1. ஏ அண்ட் பி மெக்கானிக். கூடுதல் ஆய்வு அதிகாரம் தேவையில்லை.
2. அந்த விமானத்தைக் கட்டி, அதற்கென ‘ரிப்பேர்மேன்’ சான்று பெற்றவர்.
3. 16 மணி நேர ஆய்வுப் பயிற்சி முடித்துச் சான்று பெற்ற உரிமையாளர், தன் சொந்த விமானத்துக்கு மட்டும்.

இரண்டாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கட்டியவரின் ரிப்பேர்மேன் சான்று விமானத்தோடு கைமாறாது. ஆர்வி-6 ஒன்றை இரண்டாம் கையாக வாங்கியவர் அதன் எல்லாப் பாகத்தையும் கழற்றி மாட்டத் தெரிந்தவராக இருந்தாலும் கட்டியவருக்கான அந்தச் சான்று அவருக்குக் கிடைக்காது. ஆகவே மூன்றாவது வகைச் சான்று பெறாதவர் வாங்குமுன் ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பேசி வைக்க வேண்டும். ஃபைபர் கிளாஸ் விமானத்தையோ, ஃபோக்ஸ்வேகன் கார் எஞ்சினிலிருந்து மாற்றியமைத்த எஞ்சினையோ தொட மறுக்கும் மெக்கானிக்குகள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. தெரியாத ஒன்றுக்குக் கையெழுத்திடச் சொல்வது நியாயமில்லை.

உரிமையாளரே எஞ்சின் மூடியையும் ஆய்வுக் கதவுகளையும் கழற்றி, துடைத்து, ஆயிலை வடித்து, ஃபில்டரை வெட்டித் திறந்து வைத்துவிட்டால், மெக்கானிக் பார்வையிடும் நேரத்துக்கு மட்டும் கூலி கொடுத்தால் போதும். பழுதுகளை உரிமையாளரே சரிசெய்து மறுபடி காட்டலாம். எக்ஸ்பெரிமெண்டலின் சிக்கனம் இந்த உழைப்பிலிருந்துதான் வருகிறது. ஸ்பானர் பிடிக்க விருப்பமோ நேரமோ இல்லாதவர் எல்லா வேலையையும் மணிக்கூலிக்கு விட்டால், அதே வயதுள்ள செஸ்னா 150-ஐவிட அவருக்குச் செலவு கூடவும் செய்யலாம். ஒவ்வொரு தனிநபர் விமானமும் தனி மாதிரி என்பதால், வயர் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதற்கே மெக்கானிக்குக் கூலி ஓடிக்கொண்டிருக்கும்.

ரேடாருக்குப் பதில் சமிக்ஞை அனுப்பும் கருவியான ட்ரான்ஸ்பாண்டரின் சோதனையை இந்தச் சுதந்திரத்தில் சேர்க்க வேண்டாம். 24 மாதத்துக்கு ஒருமுறை உரிமம் பெற்ற நிலையத்தில்தான் செய்ய வேண்டும்.

ஆண்டுக் கணக்கு

விமானத்தின் விலையைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் புதிய விமானியைத் திணறடிப்பது ஆண்டுதோறும் வரும் நிலைச் செலவு. 100 குதிரைத்திறன் ரோடாக்ஸ் 912 எஞ்சின் கொண்ட இரண்டு இருக்கை விமானத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் விமான நிலையத்து எண்களை இதே இடங்களில் நிரப்பிப் பாருங்கள்.

ஆண்டு நிலைச் செலவு:

1. ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகை மாதம் 350 டாலர்: 4,200
2. காப்பீடு: 2,000
3. கண்டிஷன் இன்ஸ்பெக்‌ஷன்: 800
4. ட்ரான்ஸ்பாண்டர் சோதனை, அவசர ஒலிபரப்பியின் பேட்டரி, வரைபடச் சந்தா போன்றவை: 500
5. எதிர்பாராத பழுதுக்கு ஒதுக்கீடு: 1,500

மொத்தம் 9,000 டாலர். ஒரு மணி நேரம்கூடப் பறக்காவிட்டாலும் இது போகும்.

மணிக்கு ஆகும் செலவு: 4.5 காலன் எரிபொருள், காலன் 6 டாலர் வீதம் 27. ஆயில், டயர், பிளக் 5. எஞ்சினை ஒருநாள் மாற்றுவதற்கான சேமிப்பு 13. மொத்தம் 45 டாலர்.

ஆண்டுக்கு 50 மணி பறந்தால் மணிக்கு 225 டாலர் ஆகிறது. 100 மணி என்றால் 135. 150 மணி என்றால் 105. வாடகை விமானம் எரிபொருளோடு மணிக்கு 170 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 72 மணி பறந்தால்தான் இரண்டும் சமமாகும். விமானத்தில் முடங்கிய முதல், வாங்கும்போது பல மாநிலங்கள் வசூலிக்கும் விற்பனை வரி இரண்டும் இதில் சேரவில்லை. வார இறுதியில் மட்டும், அதுவும் வானிலை இடம் கொடுத்தால் பறப்பவர் 72 மணியை எட்டுவது சுலபமில்லை. அதற்குக் குறைவாகப் பறக்கப் போகிறவர் சிக்கனத்துக்காக வாங்குகிறேன் என்று சொல்லக்கூடாது. நினைத்த நேரத்தில் எடுக்கலாம், அதே விமானத்தில் பழக்கம் வரும் என்ற காரணங்களுக்காக வாங்குகிறார். அவையும் நல்ல காரணங்களே.

கணக்கைத் திருப்பிப் போட வல்ல ஒரே வழி கூட்டு உரிமை. இருவர் சேர்ந்தால் நிலைச் செலவு ஆளுக்கு 4,500. சமநிலை ஆளுக்கு 36 மணி. வாடகைக்கு விடத்தான் தடை, கூட்டாக வைத்திருக்கத் தடையில்லை. ஆனால் காப்பீட்டு நிறுவனம் இருவரில் அனுபவம் குறைந்தவரை வைத்தே பிரீமியத்தை நிர்ணயிக்கும். யார் எந்த நாளில் எடுப்பது, எஞ்சின் போனால் யார் எவ்வளவு தருவது, ஒருவர் விலகினால் விலையை எப்படி முடிவு செய்வது என்ற மூன்றையும் வாங்குமுன் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

காப்பீட்டு விலையை விமானத்தைப் பார்க்கப் போகுமுன்பே தரகரிடம் கேட்க வேண்டும். பறந்த மணி குறைந்த விமானிக்கு வால்சக்கர விமானம், மடங்கும் சக்கர விமானம், வேகமான கண்ணாடி இழை விமானம் ஆகியவற்றுக்குப் பிரீமியம் பலமடங்காகலாம். சிலவற்றுக்குக் காப்பீடே கிடைக்காது. அந்த வகையில் பயிற்றுநரோடு குறிப்பிட்ட மணி நேரம் பறந்தால்தான் காப்பு என்ற நிபந்தனை சாதாரணம். அந்தப் பயிற்சிச் செலவையும் விமானத்தின் விலையோடு கூட்டுங்கள்.

கட்டுவதா, கட்டியதை வாங்குவதா?

உடனே பறக்க வேண்டும் என்பவர் கட்டக்கூடாது. ஓர் ஆர்வி கிட்டைக் கட்டி முடிக்க 1,500 முதல் 2,000 மணி நேர உழைப்பு வழக்கமானது; மாலையிலும் விடுமுறையிலும் மட்டும் செய்தால் சில ஆண்டுகள் ஓடிவிடும். கிட் என்பது உடலும் இறக்கையும்தான். எஞ்சின், ப்ரொப்பெல்லர், கருவிகள், பெயிண்ட் சேர்ந்தால் கிட்டின் விலையைத் தாண்டிவிடும். முடித்த பிறகும் சோதனைப் பறத்தல் கட்டம் உண்டு: வழக்கமாக 40 மணி, சான்று பெற்ற எஞ்சினும் ப்ரொப்பெல்லரும் பொருந்திய ஜோடியாக இருந்தால் 25 மணி. அப்போது பயணியை ஏற்ற முடியாது.

கிட் வாங்குவதில் இன்னோர் அபாயமும் உண்டு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் பறக்கும் வேன்ஸ் நிறுவனமே, லேசரில் வெட்டிய பாகங்களில் விரிசல் பிரச்சினை உட்படப் பல நெருக்கடிகளால் 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்புக்கு விண்ணப்பித்தது. ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தவர்கள் கூடுதல் விலைக்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நிறுவனம் மீண்டு வந்துவிட்டது; ஆனாலும் பல ஆண்டுத் திட்டத்தில் பணத்தை முன்கூட்டியே பூட்டுவது என்றால் என்ன என்பது அப்போது தெரிந்தது.

கட்டுவது வேறொரு பயனைத் தரும்: ரிப்பேர்மேன் சான்று, விமானத்தின் ஒவ்வொரு ரிவெட்டையும் அறிந்த அறிவு. கட்டுவதையே விரும்புகிறவர் கட்டட்டும். பறக்கத் துடிக்கும் புதியவருக்கு, நூறு மணிக்கு மேல் சிக்கலின்றிப் பறந்த, நிறையப் பேர் வைத்திருக்கிற மாதிரிதான் ஏற்றது. பாகம், அறிவுரை, பயிற்றுநர், மறுவிற்பனை எல்லாம் எண்ணிக்கையோடு சேர்ந்தே வரும்.

எஞ்சின்

விலைப்பட்டியலில் இரண்டு விமானங்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் தெரிந்தால், காரணம் பெரும்பாலும் எஞ்சின்தான்.

லைகமிங் ஓ-320, ஓ-360 வகைகளைத் தெரியாத மெக்கானிக் கிடையாது. ஓவர்ஹால், அதாவது முழுதும் பிரித்துச் சீரமைத்தல், அதற்கான இடைவெளி வழக்கமாக 2,000 மணி, அல்லது 12 ஆண்டு. இவற்றின் பலவீனம் சும்மா நிறுத்தி வைப்பது. வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் எஞ்சினின் மேற்பகுதியில் இருப்பதால் நாளாக நாளாக ஆயில் வடிந்து, ஈரம் பட்டுத் துருப்பிடிக்கும். ஓடத் தொடங்கியதும் அந்தத் துரு உராய்ந்து இரும்புத் துகளாக ஃபில்டரில் சேரும். கேம்ஷாஃப்டை மாற்ற எஞ்சினையே பிளக்க வேண்டும். ‘ஓவர்ஹாலுக்குப் பின் 200 மணிதான்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால், அந்த 200 மணி எத்தனை ஆண்டில் ஓடியது என்று கேளுங்கள். இருபது ஆண்டில் 200 மணி ஓடிய எஞ்சினைவிட ஆறு ஆண்டில் 900 மணி ஓடியது பெரும்பாலும் நல்ல எஞ்சின்.

ரோடாக்ஸ் 912 எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும். உயர்ரகக் கார் பெட்ரோலிலும் ஓடும். ஈயம் கலந்த விமானப் பெட்ரோலையே அதிகம் ஊற்றினால் ஆயிலை 25 மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ரப்பர் குழாய்கள் முதலியவற்றை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றுவது தயாரிப்பாளர் விதி. அது செய்யாமல் விடப்பட்டிருந்தால் விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கார் பெட்ரோலில் எத்தனால் இருந்தால் எஞ்சின் தாங்கும், ஆனால் பழைய ஃபைபர் கிளாஸ் டேங்க் தாங்காமல் போகலாம்.

கார் எஞ்சின் மாற்றங்கள் வாங்கும்போது மலிவு. நன்றாக ஓடுபவை உண்டு. ஆனால் குளிர்விப்பு, இக்னிஷன், எரிபொருள் அமைப்பு எல்லாம் கட்டியவரின் சொந்த யோசனை. புதிய விமானியின் முதல் விமானத்துக்கு இது வேண்டாம் என்பதே என் தீர்மானமான கருத்து.

வாங்குமுன் பரிசோதனை

விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக் போதாது. அந்த மாதிரியைப் பலமுறை பார்த்த ஒருவரைப் பணம் கொடுத்து அழைத்து வர வேண்டும். வரிசை இப்படி இருக்கலாம்:

1. காகிதம். எஃப்ஏஏ பதிவேட்டிலிருந்து விமானத்தின் முழுக் கோப்பை வாங்கிப் பாருங்கள். உரிமை ஆவணச் சங்கிலி, அடமானம், பறப்புத் தகுதிச் சான்று, இயக்க வரம்புகள் எல்லாம் இருக்க வேண்டும். சோதனைக் கட்டம் முடிந்ததாக லாக்புக்கில் குறிப்பு உள்ளதா? பின்னர் எஞ்சினையோ ப்ரொப்பெல்லரையோ மாற்றியிருந்தால், இயக்க வரம்புகள் கேட்கும் மறுசோதனை நடந்ததா?

2. எடை. கட்டியவர் எழுதிய எடையை நம்பாமல் தராசில் ஏற்றுங்கள். பெயிண்டும் கருவிகளும் சேரச்சேர எடை ஏறியிருக்கும். இரண்டு ஆட்களும் நிறைந்த டேங்கும் ஏறினால் வரம்பைத் தாண்டும் இரண்டு இருக்கை விமானங்கள் நிறைய.

3. எஞ்சின். கம்ப்ரெஷன் அளவு, போரஸ்கோப் கேமராவில் வால்வின் நிலை, வெட்டித் திறந்த ஆயில் ஃபில்டர். மூன்றில் ஒன்றை மறுத்தாலும் விலகிவிடலாம்.

4. உடல். ரிவெட்டைச் சுற்றிக் கருப்புக் கோடு இருந்தால் அது தளர்ந்து உராய்கிறது என்று பொருள். டேங்க் அருகே நீலக்கறை எரிபொருள் கசிவு. ஆர்வி வகைகளில் கிடைமட்ட வால் தண்டிலும், மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரின் தண்டிலும் விரிசல் தேடச் சொல்லி 2014-ல் வந்த சேவை அறிவிப்புகள் நிறைவேற்றப்பட்டனவா என்று பாருங்கள். ஆர்வி-6ஏ, 7ஏ, 9ஏ என்றால் முன்சக்கரக் காலையும்.

5. எரிபொருள் பாதையும் வயரிங்கும். குழாய் எங்கே வளைகிறது, எக்ஸாஸ்டுக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறது, டேங்க் தேர்வு வால்வு எங்கே இருக்கிறது, அதில் எழுத்து இருக்கிறதா?

வாங்கிய பிறகு முதல் பறத்தல்

மேலே சொன்ன பட்டியலின் ஐந்தாவதை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு 1997 அக்டோபர் 12 விபத்து சாட்சி. பாடகர் ஜான் டென்வர் இரண்டாம் கையாக வாங்கிய லாங்-ஈஸீ விமானத்தில் கலிஃபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். வரைபடத்தின்படி முன்னால் இருக்க வேண்டிய எரிபொருள் வால்வைக் கட்டியவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். வால்வில் குறியீடு இல்லை. எரிபொருள் அளவுக் குழாயிலும் இல்லை. டேங்க் மாற்றத் திரும்பி முயன்றபோது கட்டுப்பாடு போயிற்று என்பது விபத்து விசாரணை வாரியமான என்டிஎஸ்பியின் முடிவு. புதிய வகை விமானத்துக்கு மாறும்போது போதிய பயிற்சி பெறாததையும் அது காரணங்களில் சேர்த்தது. அவர் 2,700 மணிக்கு மேல் பறந்தவர்.

2011-ல் தனிநபர் கட்டிய விமானங்கள் அமெரிக்கச் சிறு விமானங்களில் ஏறத்தாழ 10 சதவீதம். உயிரிழப்பு விபத்துகளில் 21 சதவீதம். என்டிஎஸ்பி 2012-ல் வெளியிட்ட ஆய்வு, எஞ்சின் கோளாறும் பறக்கும்போது கட்டுப்பாடு இழத்தலும் முதன்மையானவை என்றது. விமானத்தின் முதல் சில மணிகளிலும், கைமாறிய உடனேயும் விபத்து குவிவதையும் சுட்டியது.

சொந்த எக்ஸ்பெரிமெண்டலில் பயிற்சி பெற எஃப்ஏஏ-யின் தனி அனுமதி வேண்டுமா என்று 2021-ல் எழுந்த குழப்பம் 2022 டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டத்தால் நீங்கியது. உரிமையாளர் தன் விமானத்தில் பயிற்றுநருக்குக் கட்டணம் கொடுத்துக் கற்கலாம். அந்த மாதிரி தெரிந்த பயிற்றுநரோடு ஐந்து முதல் பத்து மணி பறப்பது காப்பீட்டுக்காக மட்டும் அல்ல. ஆர்வி போன்றவற்றின் ஸ்டிக் செஸ்னாவைவிட மிக லேசானது, தரையிறங்கும்போது வேகத்தைக் குறைப்பது கடினம். இஏஏ என்ற கட்டுநர் சங்கத்தின் கிளைகளில் ‘ஃப்ளைட் அட்வைசர்’ எனப்படும் தன்னார்வ ஆலோசகர்கள் இதற்கு வழிகாட்டுவார்கள்.

பயிற்சி முடிந்ததும் பயணி இல்லாமல் சில பறத்தல்களை அளவெடுப்பதற்கே ஒதுக்குங்கள். உயரத்தில் ஸ்டால் வேகத்தை ஃப்ளாப்போடும் இல்லாமலும் குறியுங்கள். ஒவ்வொரு டேங்கிலும் தெரிந்த அளவு ஊற்றி அளவுகாட்டி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். மணிக்கு உண்மையில் எத்தனை காலன் போகிறது என்று நிரப்பிக் கணக்கிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எரிபொருள் வால்வையும் பூஸ்ட் பம்பையும் தொட முடிகிறதா என்று தரையில் உட்கார்ந்து பழகுங்கள். கட்டியவர் எழுதிய கையேட்டின் எண்களை இந்த எண்களால் மாற்றி எழுதிய பிறகே வலது இருக்கையில் ஆளை ஏற்றுங்கள்.